கடலில்லாத் துறைமுகம்: பதுளை நகரின் நிலமும் வரலாறும் வாழ்வும்

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கடற்கரையிலிருந்தே தொடங்கினர். தமிழர்க்குப் புகாரும் கொற்கையும் முசிறியும் எவ்வாறோ அவ்வாறே இத்தாலியர்க்கு வெனிசும் ஜெனோவாவும் அமைந்தன. இவற்றுள் ஜெனோவா நம் கவனத்தைச் சிறப்பாக ஈர்ப்பது. முன்னே லிகூரியக் கடலும் பின்னே அப்பெனைன் மலைத் தொடரும் நெருக்க, இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் எழுந்த நகரம் அது. நிலம் போதாமையால் அதன் மக்கள் கடலை நாடினர்; வணிகத்தாற் செல்வம் குவித்தனர்; 1407இல் புனித ஜோர்ஜ் வங்கியை நிறுவினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதே துறைமுகம் வேறொரு காட்சியைக் கண்டது. வறுமையால் உந்தப்பட்ட இத்தாலியக் குடியானவர்கள் இலட்சக்கணக்கில் அங்கிருந்து ஆர்ஜென்டினா, பிரேசில், ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளுக்குக் கப்பலேறினர். அவர்தம் நினைவாக இத்தாலியக் குடிபெயர்வு அருங்காட்சியகம் ஒன்று 2022இல் ஜெனோவாவில் திறக்கப்பட்டது.

துறைமுகம் என்பது கப்பல் நிற்கும் இடம் மாத்திரமன்று. உள்நாட்டின் விளைபொருள் திரண்டு வெளியேறும் வாயிலும், வெளிநிலத்தார் வந்து இறங்கும் வாயிலும் அதுவே. இப்பொருளிற் கொண்டால், கடலிலிருந்து வெகுதொலைவில் மலைகளுக்கிடையே கிடக்கும் பதுளையையும் துறைமுகம் எனக் கூறலாம். அத்துறைமுகத்தில் வந்திறங்கியோர் யாவர், அங்கிருந்து வெளியேறியது யாது, வந்திறங்கியோர்க்கு அந்நகரம் யாது தந்தது என்னும் வினாக்களை முன்வைத்துப் பதுளையின் நிலம், வரலாறு, வாழ்வு ஆகிய மூன்றையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நில அமைப்பு

இலங்கையின் மத்திய மலைநாட்டிற்குக் கிழக்கே, கிண்ணம் போற் குழிந்து கிடக்கும் நிலப்பரப்பு ஊவா வடிநிலம் எனப்படும். இதன் கீழ்ப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 அடி உயரத்திற் பதுளை நகரம் அமைந்துள்ளது. நகரின் தென்கிழக்கே நமுனுகுலை மலை ஏறத்தாழ 6,680 அடி உயர்ந்து நிற்கின்றது. பதுளை ஓயா நகரைத் தழுவி ஓடி, சில மைல் தொலைவில் துன்ஹிந்த அருவியாக ஏறத்தாழ 200 அடி வீழ்ந்து, பின்னர் மகாவலி கங்கையிற் கலக்கின்றது. மேட்டு நிலங்களிற் பத்தனை எனப்படும் புல்வெளிகளும், பள்ளத்தாக்குகளில் வயல்களும், மலைச்சரிவுகளில் தேயிலையும் என மூவகை நிலமும் ஒருங்கே காணக்கிடப்பது ஊவாவின் சிறப்பு.

காலநிலையில் ஊவா மலைநாட்டின் மேற்குப் பகுதியினின்றும் வேறுபட்டது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை அற்றன், நுவரெலியாப் பக்கத்துச் சரிவுகளிற் பொழிந்துவிட்டு, மலைத்தொடரைக் கடந்து ஊவாவுக்கு வரும்போது உலர்ந்த காற்றாக வீசுகின்றது. ஊவாவுக்குப் பெருமழை தருவது ஆண்டின் இறுதியில் வரும் வடகீழ்ப் பருவமே. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அவ்வுலர் காற்றினால் தேயிலைக் கொழுந்து மெதுவாக வளர்ந்து, தனித்ததொரு வாசனையைப் பெறுகின்றது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலை டார்ஜிலிங், கீமுன் தேயிலைகளோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுவதற்கு அதுவே காரணம். கொழுந்து குறைந்து கூலி குறையும் அப்பருவமே தேயிலைக்கு விலை கூடும் பருவமாகவும் அமைதல் சிந்திக்கத்தக்கது. ஒரே காற்று ஒருவர்க்கு வாசனையாகவும் மற்றவர்க்கு வறட்சியாகவும் வீசுகின்றது.

பழைய பதுளை

பதுளையை ஆங்கிலேயர் உண்டாக்கிய தோட்டப்புற நகரம் எனக் கருதுவோர் பலர். அது தவறு. முதியங்கனை விகாரையின் தொன்மையே அந்நகரின் பழமைக்குச் சான்று. நகரில் நிறுத்தப்பட்டுள்ள பதுளைத் தூண் கல்வெட்டு மற்றொரு சான்றாகும். பத்தாம் நூற்றாண்டில், அநுராதபுர அரசன் உதயன் காலத்திற் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, மகியங்கனைக்கு அண்மையிலுள்ள சொரபொர வாவிப் பகுதியிற் கண்டெடுக்கப்பட்டுப் பின்னர் பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. ஹோபிட்டிகம என்னும் சந்தை ஊரின் வணிகரும் ஊராரும், தம்மிடம் அதிகாரிகள் முறையின்றி வரி அறவிடுவதை மகியங்கனைக்கு வந்த அரசனிடம் முறையிட, அரசன் சந்தைக்குரிய விதிகளை வகுத்தளித்தமையை அது கூறுகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊவா நிலத்தில் சந்தை இருந்தது; சந்தைக்கு வருவோரை அதிகாரம் வருத்தியது; வருத்தப்பட்டோர் முறையிட்டனர்; அம்முறையீடு கல்லிற் பதிவாயிற்று. இந்நான்கினுள் இறுதியானதையே இக்கட்டுரையின் முடிவில் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

கண்டி இராச்சிய காலத்தில் ஊவா இளவரசர் ஆளுகைக்குரிய முக்கிய பிரதேசமாக விளங்கிற்று. 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா படையுடன் ஊவாவினுட் புகுந்து பதுளையை எரியூட்டினான். திரும்பும் வழியில், வெல்லவாயாவை அண்டிய ரந்தெனிவெல என்னுமிடத்தில், அவனுடைய படையிலிருந்த உள்நாட்டு வீரர் கண்டியர் பக்கம் சேர்ந்துகொள்ள, அவன் தோற்று மடிந்தான்.

1815இற் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1817இல், ஊவா-வெல்லசைப் பகுதியிற் பெருங்கிளர்ச்சி மூண்டது. பதுளையிலிருந்த பிரித்தானிய அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்கும்படி அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை கிளர்ச்சியாளருடன் இணைந்து அவர்க்குத் தலைவரானார். 1818 நவம்பரில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. கிளர்ச்சியை ஒடுக்குகையில் வீடுகளும் வயல்களும் நீர்ப்பாசன அமைப்புகளும் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன. ஊவாவின் சிங்களக் குடியானவர் அவ்வழிவிலிருந்து நெடுங்காலம் மீளவில்லை. தோட்டத் தமிழரின் துயரத்தை எழுதுவோர் இதனையும் எழுதுதல் வேண்டும். தோட்டங்கள் எழுந்த நிலம் முன்னரே காயப்பட்ட நிலம் என்பதை மறந்தால், பின்வந்த பகைமைகளின் வேரை நாம் உணரமாட்டோம்.

கோப்பியும் தேயிலையும்

கிளர்ச்சி அடங்கியபின் நிலம் தோட்டக்காரர்க்குத் திறக்கப்பட்டது. முதலில் வந்தவை துப்பாக்கிகள். பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் றோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகக் கூறப்படுகின்றார். 1845இல் அப்புத்தளையில் அவர் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாக எழுந்த புனித மார்க் தேவாலயம் இன்றும் பதுளையில் உள்ளது. யானை திரிந்த காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின.

கோப்பியின் வாழ்வு குறுகியது. 1869இல் அதன் இலைகளைத் தாக்கிய நோய் இலங்கையில் முதன்முதலாக இனங்காணப்பட்டது ஊவாவின் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிலாகும். அங்கிருந்து பரவிய அந்நோய் இருபது ஆண்டுகளுக்குள் நாட்டின் கோப்பிப் பயிர்ச்செய்கையையே அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, 1880களில் ஊவா மலைகளெங்கும் பரவிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியிற் டம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். இதற்கிடையே, 1886இல், ஊவா தனி மாகாணமாக்கப்பட்டுப் பதுளை அதன் தலைநகராயிற்று. கச்சேரியும் நீதிமன்றமும் மருத்துவமனையும் சிறைச்சாலையும் அமைய, நகரம் புதிய உருவம் பெற்றது.

பாதையின் கடைசி நிலையம்

விளைபொருளைக் கொழும்புக்குக் கொண்டுசெல்வதே தோட்டத்துரைமாரின் பெருங்கவலையாயிருந்தது. புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இற் பண்டாரவளையையும் அடைந்தது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வர மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924இலேயே பதுளை நிலையம் திறக்கப்பட்டது. பட்டிப்பொலையில் 6,226 அடி உயரத்தைத் தொட்ட பாதை பதுளைக்குள் ஏறத்தாழ 4,000 அடி இறங்கியாக வேண்டும். தெமோதரையில் பாதை மலையைச் சுற்றிவந்து தன் நிலையத்திற்குக் கீழேயே சுரங்க வழியாகச் செல்வதும், எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுகள் கொண்ட பாலம் கல்லாலும் சீமெந்தாலும் எழுந்ததும் இத்தேவையின் விளைவேயாகும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 181 மைல் தூரத்திற் பாதை முடிவுறுகின்றது. இந்நிலையமே பதுளைத் துறைமுகத்தின் படகுத்துறை.

அத்துறையில் இறங்கியோர் யாவர்? மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் உந்தப்பட்டுக் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தமிழரே அவருட் பெரும்பாலோர். புகையிரதம் வருமுன் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் பலர். மாத்தளையிற் பயணம் முடிந்தவர் உண்டு. ஊவாவுக்குக் குறிக்கப்பட்டோர் மேலும் மலைகளைக் கடந்து நடந்தனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிற் கப்பற் சேவை தொடங்கியது. பதுளைப் பாதையும் திறந்தபின், தலைமன்னார் இறங்குதுறையில் ஏறியவர் இரும்புப் பாதையிலேயே ஊவாவின் மலையடிவாரம் வரை வரலாயிற்று. ஒரு முனையில் கடல், மறுமுனையில் பதுளை. கடல் வழியே தொடங்கிய அப்பயணத்தின் கடைசி இறங்குதுறை இதுவே என்பதால், கடலில்லாத் துறைமுகம் என்னும் பெயர் வெறும் உவமையன்று.

நகரமும் தோட்டமும்

ஜெனோவாவோடு ஒப்பிடுகையில் ஒரு பெரும் வேறுபாடு புலனாகும். ஜெனோவாவின் வணிகர் ஜெனோவாவிலேயே வாழ்ந்தனர். இலாபம் மாளிகைகளாகவும் தேவாலயங்களாகவும் அந்நகரிலேயே நிலைத்தது. பதுளையின் தேயிலை கொழும்பிலும் இலண்டனிலும் விலைபோயிற்று. இலாபமும் அங்கேயே தங்கிற்று. பதுளையில் தங்கியது இலாபமன்று, கூலி. கொழுந்து பறித்த பெண்ணும் கவ்வாத்து வெட்டிய ஆணும் சம்பள நாளில் நகரக் கடைகளிற் செலவிட்ட சிறுதொகைகளே பதுளையின் கடைத்தெருவை வளர்த்தன எனல் மிகையாகாது. புடைவைக் கடை, நகைக் கடை, அடகுக் கடை, மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை ஆகிய யாவும் பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தாரை நம்பியே எழுந்தன. தென்னிந்திய வணிகரும் முஸ்லிம்களும் சிங்களவரும் யாழ்ப்பாணத்தவரும் அத்தெருவில் அருகருகே கடை நடத்தினர்.

தோட்டத்தார்க்கு நகரம் என்பது ஞாயிற்றுக்கிழமை. என் பாட்டி "டவுனுக்குப் போறது" என்று கூறும்போது அது ஒரு சிறு திருவிழாவையே குறித்தது. விடியுமுன் எழுந்து, பெட்டியிலிருந்த சேலையை உடுத்து, முதற் பஸ்ஸைப் பிடித்து, கோயிலிற் கும்பிட்டு, கடைத்தெருவில் நடந்து, ஒரு தேநீர் குடித்துத் திரும்புதல். வாழ்நாளெல்லாம் தேயிலை பறித்தவள் காசு கொடுத்து நல்ல தேநீர் குடித்தது நகரத்திலேதான் என்பதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். தோட்டத்திற் கிடைப்பது தூள் கழிவு. இரவு அவள் மீண்டும் லயத்துக் காம்பராவில் இருந்தாக வேண்டும். மறுநாட் காலைப் பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்தாக வேண்டும். நகரம் அவளுடைய காசை அறிந்தது, பெயரை அறியவில்லை.

ஆயினும் தோட்டத்தார் நகருக்குப் பொருள் வாங்க மாத்திரம் வந்தனரல்லர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாராற் சுட்டுக் கொல்லப்பட்டார். அதனையடுத்து எழுந்த வேலைநிறுத்த அலை அவ்வாண்டு மே மாதத்தில் ஊவாவை அடைந்தது. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெசைத் தோட்டத்தின் தொழிலாளர் தமக்கெனத் தேர்தல் மூலம் ஒரு குழுவை அமைத்து, துரை அக்குழுவுடன் கலந்தே செயற்பட வேண்டுமென்ற நிலையை ஏற்படுத்தினர். அதே மாதத்தில் லங்கா சமசமாஜக் கட்சியினர் பதுளை நகரில் தடையை மீறிப் பொதுக்கூட்டம் நடத்தினர். முறையிடும் குரல், பழைய கல்வெட்டின் காலத்திற்குப் பின்னர், ஊவாவில் மீண்டும் எழுந்தது எனலாம்.

துறைமுகம் திரும்பிய திசை

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டில் 7 ஆசனங்களை வென்றது. மறு ஆண்டில் நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரு மாதங்கள் நிறையுமுன் புயலொன்று தனுஷ்கோடியை அழித்தது. பாட்டன்மார் புறப்பட்ட துறையே இல்லாதொழிந்தபின் பேரர்கள் இராமேசுவரத்திற்குக் கப்பலேறினர்.

அக்காலத்தில் மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். பதுளையிலும் அக்கோச்சியில் ஏறியோர் உண்டு. என் பாட்டியின் தம்பி அவருள் ஒருவர். ஒரு பெட்டி, ஒரு அம்மி, கோயில் மண் ஒரு பிடி. இவையே அவர் கொண்டுசென்றவை என்பாள் பாட்டி. அக்குடும்பம் நீலகிரியில் மீண்டும் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை பெற்றது. ஜெனோவாவிலிருந்து சென்றோர் புதிய நாட்டிற் குடிமக்களாயினர். பதுளைக்கு வந்தோர், அங்கே மூன்று தலைமுறை பிறந்து வாழ்ந்தபின்னரும், வந்த வழியே அனுப்பப்பட்டனர்.

தங்கியோர்க்கும் வாழ்வு எளிதாயிருக்கவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. தொழிலாளர் நிலமற்றோராகவே இருந்தனர். 1983 ஜூலையிற் பதுளை நகரத் தமிழர் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. நாடற்றோர் பிரச்சினைக்கு 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களே சட்டவழியில் முற்றுப்புள்ளி வைத்தன. 1948இற் பறிக்கப்பட்டது முழுமையாகத் திரும்ப 55 ஆண்டுகள் சென்றன.

மண்ணும் இவர்களுக்கு எதிராக நின்றது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலிற் பெரும் உயிரிழப்பைக் கண்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. இவற்றை இயற்கையின் செயல் எனக் கூறி அமைதல் எளிது. காடழித்த சரிவிலே, வேறிடத்தில் வீடு கட்ட நிலமில்லாதோர், எச்சரிக்கை கேட்டும் விலக வழியின்றி வாழ்ந்தனர் என்பதனையும் சேர்த்துக் கூறினாலே வரலாறு நிறைவுறும்.

முடிவுரை

பதுளை இன்று பழைய பதுளையன்று. தோட்டப் பிள்ளைகள் நகரப் பாடசாலைகளிற் கற்று ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வணிகராகவும் அந்நகரிலேயே வாழ்கின்றனர். 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லசைப் பல்கலைக்கழகம் அங்கே இயங்குகின்றது. 2023இல், மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் நடந்த வழியைப் பேரர்கள் தாமாக விரும்பி நடந்தமை, அவ்வழியின் நினைவு அழியவில்லை என்பதற்குச் சான்று.

ஆனால் நினைவு வேறு, பதிவு வேறு. யானைகளைச் சுட்டவருக்குப் பதுளையிலே தேவாலயம் நிற்கின்றது. சந்தை வணிகரின் முறையீட்டிற்குத் தூண் நிற்கின்றது. புகையிரதத்தில் வந்திறங்கியோர்க்கும், அதே புகையிரதத்தில் ஏற்றி அனுப்பப்பட்டோர்க்கும் அந்நிலையத்தில் ஒரு கல்லையேனும் நான் கண்டதில்லை. ஜெனோவா தன்னைவிட்டுச் சென்றோரை நினைக்க ஓர் அருங்காட்சியகம் கொண்டுள்ளது. பதுளை தன்னிடம் வந்தோரை நினைக்க அத்துணை பெரிய கட்டடம் வேண்டுவதில்லை. தோட்டங்களின் பழைய செக்ரோல் ஏடுகளும், கோயிற் கணக்குகளும், கடைக்காரரின் கடன் புத்தகங்களும், நாடு சென்றோர் எழுதிய கடிதங்களும் கறையானுக்கு இரையாகுமுன் தொகுக்கப்படல் வேண்டும். முதியோர் வாய்மொழி அவர்கள் இருக்கும்போதே எழுதப்படல் வேண்டும். இப்பணி எவராலும் தொடங்கக்கூடியது. தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த எம்போன்ற மாணவர்க்கோ அது கடன்.

சென்ற விடுமுறையில் என் பாட்டியிடம் அவளுடைய தாயின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டேன். பெயரை உடனே சொன்னாள். ஊரின் பெயரை நெடுநேரம் எண்ணிப் பார்த்து, "ஆத்துக்கு அங்கிட்டு" என்று மட்டும் சொன்னாள். அது எந்த ஆறு என்பதைத் தேடுவதிலிருந்தே எங்கள் நகரின் வரலாறு எழுதப்படுதல் தகும்.